‘உனக்குப்போதும்’ என்று யார் சொல்வது? பேச்சிழந்த ஓர் உபதேசியாரும் அவருடைய சபையும்: நிகழ்வு ஆய்வு

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு வயது 61, சபையின் உபதேசியார். துக்க வீட்டு ஜெபம், ஞாயிறு பள்ளி, ஆயர் ஊரில் இல்லாத வாரங்களில் பிரசங்கம் என்று முப்பது வருடமாக எல்லாமே அவர் குரலில்தான் நடந்தது. அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் பேச்சும் போயின. குரலே ஊழியமாக இருந்தவருக்குக் குரல் போனால் பிறகு என்ன மிஞ்சும்? அந்தச் சபை அதற்கு முதலில் தவறான விடை சொன்னது. பிறகு மெதுவாகத் திருந்தியது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

இங்கே வரும் உபதேசியார் ஒரே ஆள் அல்ல. கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் பக்கவாதம் வந்த கிறிஸ்தவ வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே வீட்டுக்குள் வைத்து எழுதியிருக்கிறது. வீட்டுச் சந்திப்புக்குப் போகிறவர்களும் நோயாளியோடு இருக்கிற குடும்பங்களும் இதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

முதல் நாலரை மணி நேரம்

காலை ஐந்தரைக்கு மனைவி அடுப்பங்கரைக்குப் போனபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். கால்மணி நேரம் கழித்து, பாயில் உட்கார்ந்து ஜெபத்தை ஆரம்பித்தவர் ‘ஸ்தோத்’ என்பதோடு நின்றுவிட்டார். வாய் இடப்பக்கம் இழுத்தது. வலது கை மடியில் விழுந்து கிடந்தது.

‘பிரஷர் இறங்கிடுச்சு போல’ என்று சர்க்கரை போட்ட காபியை வாயில் ஊற்றினார்கள். பாதி உதட்டோரம் வழிந்தது, மீதி புரையேறியது. பக்கத்து வீட்டார் வந்தார்கள். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். சபை மூப்பர் வரட்டும் என்று காத்திருந்தார்கள். 108-க்கு அழைத்தபோது மணி எட்டேகால். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்ச் சி.டி. எடுத்து முடிக்க ஒன்பதே முக்கால்.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும். இந்த வீட்டுக் கணக்கில் அது பத்து மணி. இரத்த அழுத்தம் 185/110-க்கு மேல் இருந்தால் முதலில் அதை இறக்க வேண்டும், இல்லாவிட்டால் மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து அதிகம். இவருக்கு 200-ஐத் தாண்டியிருந்தது. இறக்குவதற்குள் பத்து மணி கடந்துவிட்டது.

எண்ணெய் பூசியதில் தவறு இல்லை. யாக்கோபு 5:14 அதைத்தான் சொல்கிறது. எண்ணெய்க்காக ஆம்புலன்சை நிறுத்தி வைத்ததுதான் தவறு. வாய் கோணினாலும், ஒரு கை தூக்க வராவிட்டாலும், பேச்சு குழறினாலும் ஒருவர் 108-க்கு அழைக்கட்டும், இன்னொருவர் ஜெபிக்கட்டும். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். வாயில் காபியோ தண்ணீரோ மாத்திரையோ எதுவும் ஊற்றக்கூடாது. விழுங்கும் தசையும் செயலிழந்திருக்கலாம்.

பாட்டு வந்தது, பேச்சு வரவில்லை

ஐந்தாம் நாள், அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட மூத்த மகள் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். சின்ன வயதில் அப்பாவோடு பாடிய கீர்த்தனை ஒன்றை மெதுவாக முணுமுணுத்தாள். இரண்டாம் அடியில் அவர் சேர்ந்துகொண்டார். சொல் சொல்லாக, உச்சரிப்பு பிசகாமல் பல்லவி முழுவதும் வந்தது. வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் அழுதுகொண்டே, “அப்பா, நான் யாரு சொல்லுங்க?” என்று கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். உதடு அசைந்தது. “த... த... த...” என்பதற்கு மேல் வரவில்லை. அவருக்கு அவளைத் தெரிந்திருந்தது, பெயரும் உள்ளே இருந்தது, அதை எடுக்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

இது பக்கவாத வார்டுகளில் நன்கு தெரிந்த விஷயம். பெரும்பாலானவர்களுக்குச் சொல்லைத் தேடி அடுக்கிப் பேசும் வேலை மூளையின் இடப்பாகத்தில் நடக்கிறது. ராகமும், பல வருடம் திரும்பத் திரும்பச் சொல்லி ஊறிப்போன சொற்களும் அதை மட்டும் நம்பி இருப்பதில்லை. அதனால்தான் ‘தண்ணி’ என்று கேட்க முடியாதவர் கர்த்தருடைய ஜெபத்தை முழுவதும் சொல்வார், 23-ஆம் சங்கீதம் சொல்வார், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவார்.

இதைத் தெரியாமல் சபை இரண்டு பக்கமும் சறுக்கியது. ஒரு பக்கம், ‘சுகம் ஆரம்பிச்சிடுச்சு, இனி விசுவாசம்தான் வேணும்’ என்றார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம், சந்திக்க வந்த ஒருவர் ‘மாத்திரையையும் விசுவாசத்தையும் ஒரே கையில பிடிக்க முடியாது’ என்று சொல்லிவிட்டுப் போக, ஆஸ்பிரின், இரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். முதல் பக்கவாதத்துக்குப் பிந்திய வாரங்களில்தான் இரண்டாவது வரும் ஆபத்து மிக அதிகம். ஒன்பது நாள் கழித்து மகள் வந்து மாத்திரை அட்டை அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அன்று அழுத்தம் 190/110.

மருந்தை விசுவாசத்துக்கு எதிராக நிறுத்தும் பேச்சு வேதத்துக்கே எதிரானது. எசேக்கியாவுக்கு இன்னும் 15 வருடம் ஆயுள் கூட்டப்படும் என்று கர்த்தரின் வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாதான், அதே மூச்சில் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப் போடவைத்தான் (2 இராஜாக்கள் 20). வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன. பவுலோடு பயணம் செய்தவர்களில் லூக்கா ஒரு வைத்தியன்.

மறுபக்கச் சறுக்கல் வேறு மாதிரி. ‘அது அற்புதம் இல்லைம்மா, மூளையோட பழைய பதிவு’ என்று விவரம் தெரிந்த ஒருவர் மனைவியிடம் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. சொல்ல வேண்டியதில் பாதியை அவர் விட்டுவிட்டார். அந்தப் பதிவு எப்படி வந்தது? முப்பது வருடம் விடியற்காலையில் ஐந்தரை மணிக்குப் பாயில் உட்கார்ந்து பாடியதால் வந்தது. சொல் வற்றிப்போகும் நாளுக்காக அது வெகுநாள் முன்பே உள்ளே சேமிக்கப்பட்டிருந்தது. பலவீனம் வருவதற்கு முன்பே கிருபை வந்துவிட்டது என்பதை இதைவிடக் கண்முன்னே காட்டுவது கடினம்.

மேடை

நான்காம் மாதம் சபையில் எழுப்புதல் கூட்டம். அவரைக் கைத்தாங்கலாக மேடை ஏற்றினார்கள். பாட்டு நன்றாக வந்தது, கூட்டம் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னது. உற்சாகத்தில் யாரோ மைக்கை அவர் வாயருகே வைத்து, “சாட்சி சொல்லுங்கய்யா” என்றார். ஒரு நிமிடத்துக்கு மேல் மைக்கில் “த... த...” மட்டும் கேட்டது. பிறகு அழுகை. அன்றிரவு முதல் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டைத் தள்ளினார். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கிடந்தார். பாடுவதையும் நிறுத்திவிட்டார்.

கூட்டத்தை நடத்தியவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. பலவீனர் மேடை ஏறுவதும் கர்த்தருடைய பலம் அவர்மேல் இறங்குவதும் எல்லார் கண்ணிலும் தெரியவேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பில்தான் கோளாறு. பலவீனரைப் பலத்தின் விளம்பரமாக்கினால், பலம் தெரியாத நாளில் அவர் ஒளிந்துகொள்ள வேண்டியதாகிறது.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. மூளைக் காயமும் இழப்பின் துக்கமும் சேர்ந்து கொண்டுவருவது அது, விசுவாசக் குறைவு அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், மாத்திரை உண்டு. சபைக்கு இதற்கான வழிகாட்டி 1 இராஜாக்கள் 19. கர்மேல் வெற்றிக்குப் பிறகு எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து ‘போதும் கர்த்தாவே’ என்றான். கர்த்தர் அவனுக்குப் பிரசங்கம் அனுப்பவில்லை. தூதன் அவனைத் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடவைத்தான். ‘உன் விசுவாசம் எங்கே’ என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

வசனத்தை யார் யாரிடம் சொன்னது

இந்த வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சொன்ன வசனம் 2 கொரிந்தியர் 12:9: ‘என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்.’ ஒருவர் அதைச் சட்டம் போட்டுக் கட்டில் எதிரே மாட்டிவிட்டும் போனார். அந்த வசனம் அவருக்கு மருந்தாக இருக்கவேண்டியது. சில மாதங்களுக்கு முள்ளாகத்தான் இருந்தது.

பவுல் இதை எழுதுமிடத்தைப் பார்க்க வேண்டும். கொரிந்துச் சபையில் சிலர் அவரைப் பற்றி, நிருபம் பலமாக இருக்கிறது, ஆள் பலவீனம், ‘வசனம் அற்பம்’ என்று பேசினார்கள் (10:10). பேச்சு போதாது என்று இகழப்பட்ட ஊழியக்காரர் எழுதிய கடிதம் இது. பேச்சிழந்த உபதேசியாருக்கு முதலில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது 12-ஆம் அதிகாரம் அல்ல, இந்த 10:10தான். பிற்பாடு வாசித்துக் காட்டியபோது அவர் இடது கையால் புத்தகத்தைத் தட்டித் தட்டித் திரும்ப வாசிக்கச் சொன்னார்.

அடுத்தது, தன் மாம்சத்தில் கொடுக்கப்பட்டதாகப் பவுல் சொல்லும் முள் (12:7). அது என்ன நோய் என்று பவுல் சொல்லவில்லை, கண்டுபிடிக்க முயல்வதும் வீண். ஆனால் அது என்ன செய்தது என்று தமிழ் வேதாகமம் சரியான சொல்லில் சொல்கிறது: ‘என்னைக் குட்டும் சாத்தானுடைய தூதன்.’ மடக்கிய விரல் முட்டியால் தலையில் விழுவது குட்டு. உயிர் போகாது, வலிக்கும், எல்லார் முன்னாலும் அவமானமாக இருக்கும், அடுத்தது எப்போது விழும் என்று தெரியாது. ஆளைக் கொல்லாமல் தினமும் சிறுமைப்படுத்துகிற வகை அது. காபி குடிக்கும்போது சட்டையில் வழிவது, கழிப்பறைக்கு மனைவியைத் தட்டி எழுப்புவது, பேரப்பிள்ளையின் பெயர் வாயில் வராதது எல்லாம் குட்டுகள்தான். பொதுவாக ‘பாடு’, ‘சோதனை’ என்று சொல்வதைவிட, இன்றைய குட்டு எது என்று பெயர் சொல்லிக் கேட்பது உதவுகிறது.

அது நீங்கும்படி பவுல் மூன்றுதரம் வேண்டினார். எனவே சுகத்துக்காக ஜெபிப்பதை ஒருவரும் குறைவாக எண்ண வேண்டாம். பதில் வந்தபோது அது பவுலுக்கு வந்தது, கர்த்தரிடமிருந்து வந்தது. இந்த ஆய்வில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளலாம்: ‘உனக்குப்போதும்’ என்பது முன்னிலை, அதைச் சொன்னவர் கர்த்தர். ‘நான் பலவீனமாயிருக்கும்போதே பலமுள்ளவனாயிருக்கிறேன்’ என்பது தன்மை, அதைச் சொன்னவர் முள்ளின் வலியைத் தானே பட்டவர். கட்டிலுக்கு வெளியே, இரண்டு கையும் ஓடுகிற ஒருவர் அதே வாக்கியத்தைக் கட்டிலில் கிடப்பவரிடம் சொன்னால், ‘இதுக்கு மேல கேட்காதே’ என்றே கேட்கும். கணவனிடம் அடிபடுகிற பெண்ணிடமும், கூலி குறைத்துக் கொடுக்கப்பட்டவனிடமும் இந்த வசனத்தை நீட்டுவது இன்னும் மோசம். அங்கே கர்த்தர் சொல்லாததை அவர் பெயரில் சொல்வதாகிறது. எல்லாப் பலவீனமும் ஏற்றுக்கொள்ள வேண்டியது அல்ல. சிலது தடுத்து நிறுத்த வேண்டிய அநியாயம்.

‘கிறிஸ்துவின் வல்லமை என்மேல் தங்கும்படி’ என்ற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குள் கூடாரம் இருக்கிறது. வல்லமை ஆளுக்குள் பாய்ச்சப்படுவதாக அல்ல, அவர் மேல் கூடாரமாக விரிக்கப்படுவதாகச் சொல்கிறார். கூடாரம் என்றால் முளை அடிக்க வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், நாலு பேர் வேண்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் ஓட்டையும் கீற்றையும் பிய்த்துக்கொண்டு போன பிறகு ஒவ்வொரு தெருவிலும் தார்ப்பாயை நாலு முனையில் பிடித்து இழுத்துக் கட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு இந்த உருவகம் விளக்கமே இல்லாமல் புரியும்.

‘ஊழியக்காரனுக்கு இப்படி வருமா’ என்று கேட்டவர்களும் இருந்தார்கள். வந்திருக்கிறது. துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுலே எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). இதே கடலூரில் 1740 முதல் ஊழியம் செய்த சுவீடன் நாட்டு மிஷனரி கீர்நாண்டர், 1758-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தபோது எல்லாவற்றையும் விட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே 1770-ல் ஓர் ஆலயம் கட்டி முடித்தார். முதுமையில் பார்வை கெட்டது. கடனில் சொத்து போனது, ஆலயமும் ஏலம் போகிற நிலை வந்து வேறொருவர் பணம் கட்டி மீட்டார். 1799-ல் இறந்தார்.

கல்லும் கைகளும்

ஐந்தாம் மாதம் ஆயர் சட்டத்திலிருந்த வசனத்தைக் கழற்றச் சொன்னார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு யாத்திராகமம் 17-ஐ எடுத்தார். மோசேயின் கைகள் அசந்துபோனபோது முதலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து அவன் கீழே வைத்தார்கள். பிறகுதான் கைகளைத் தாங்கினார்கள். தாங்கியவர்கள் ‘ஆரோனும் ஊரும்’ என்று தமிழ் வேதாகமம் சொல்கிறது. ஊர் என்பது ஆளின் பெயர்தான். ஆனாலும் தமிழ்க் காதில் அது ஊரே கூடித் தாங்கியதுபோல் விழுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

கல் என்றால் என்ன என்று மூப்பர் குழு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பேசியது. இந்த வீட்டில் கல் என்பது மேல்நாட்டுக் கழிப்பறைப் பீடம், அதன் இடப்பக்கச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, உயரம் கூடிய கட்டில், ஜிப்மருக்கு மாதம் ஒருமுறை போய்வர வண்டி. முதுநகரிலிருந்து அந்த மருத்துவமனை இருக்கும் புதுச்சேரிக் கோரிமேடு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்தில் ஏற்றி இறக்குவதில் வலது தோள் இழுபட்டு வீங்கியிருந்தது. செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும் தவறு. இடுப்பில் அகலமான துணிப்பட்டை கட்டி, அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வந்து நாலு இளைஞர்களுக்கு இதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொடுத்தார். ‘ஊழியத்தில் கற்றுக்கொண்ட முதல் உருப்படியான காரியம்’ என்றான் அவர்களில் ஒருவன்.

பிறகு கைகள். அசந்துபோனது அவர் கை மட்டுமல்ல. மனைவிக்கு ஐந்து மாதமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூக்கம் இல்லை. யார் கேட்டாலும் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்பார். அவருடைய சர்க்கரை மாத்திரை தீர்ந்து பத்து நாள் ஆனது ஒருவருக்கும் தெரியவில்லை. வந்தவர்கள் எல்லாம் ‘ஐயா எப்படி இருக்கார்’ என்றே கேட்டார்கள். அதற்காக ஒரு முறைச்சீட்டு எழுதப்பட்டது. வாரத்தில் மூன்று இரவு இருவராக வந்து தங்க வேண்டும், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அந்த இரவுகளில் அம்மா மகள் அறையில் கதவைச் சாத்தித் தூங்குவார். ஞாயிறு ஆராதனை நேரத்தில் ஒருவர் வீட்டில் இருக்க, அம்மா கோயிலுக்குப் போவார். மருந்து வாங்குவது ஒரே ஆளின் பொறுப்பு, இருவர் மருந்தும். ‘தேவைன்னா சொல்லுங்க’ என்ற வாக்கியத்தைத் தடை செய்தார்கள். அசந்துபோனவருக்குத் தேவையைச் சொல்லவே பலம் இருக்காது. ‘வியாழன் இரவு நான் வரேன்’ என்பதுதான் உதவி.

பேச்சு, ஜெபம், திருவிருந்து

பேச்சிழந்தவரோடு பேசும் முறையை ஒரு தாளில் எழுதிக் கதவருகே ஒட்டினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம், கால்மணி நேரம் போதும். டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்கார வேண்டும். சின்ன வாக்கியமாகச் சொல்லி, மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். கத்த வேண்டாம், அவருக்குக் காது கேட்கும். அவர் தேடும் சொல்லைப் பிடுங்கி முடித்துவைக்க வேண்டாம். ஆமாம், இல்லை இரண்டும் இந்த நோயில் மாறிப்போகும் என்பதால் கட்டைவிரலை மேலே கீழே காட்டச் சொல்லி, ‘பசிக்குதா?’ என்று கேட்டபின் ‘வயிறு நிறைஞ்சிருக்கா?’ என்று திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். தண்ணீர், கழிப்பறை, வலி, போர்வை, அம்மா, கோயில் என்று ஆறு படம் கொண்ட அட்டை கட்டிலில் தொங்கியது.

பாட்டின் வழியாகப் பேச்சை மீட்கும் பயிற்சி 1970-களிலிருந்து இருக்கிறது. இரண்டு மூன்று அசைச் சொல்லை இரண்டே சுரத்தில் இழுத்து, அசைக்கு ஒருமுறை அவருடைய இடது கையை மேசையில் தட்ட வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் ‘தண்-ணி’யில் ஆரம்பித்தார். மகள் ‘இ-யே-சு-வே’ என்று நாலு தட்டையும் சேர்த்துக்கொண்டாள். மூன்று வாரத்தில் அது பாட்டிலிருந்து கழன்று தனியாக வந்தது. முப்பது வருடம் அரைமணி நேரம் தடையில்லாமல் ஜெபித்தவருக்கு இப்போது ஜெபம் ஒரே சொல்தான்.

அவரைச் சந்திப்பவர்களும் ஜெபத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பெல்லாம் இரவு முழுவதும் விழிப்பு ஜெபம் வைத்து அவரைத் தூங்கவிடாமல் செய்தார்கள். இப்போது ஒரு சிறு சங்கீதம், ஒரு நிமிடம் மௌனம், கர்த்தருடைய ஜெபம். கடைசியில் அவரும் சேர்ந்து சொல்வார். ‘வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு’ ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்ற ரோமர் 8:26-ஐப் பலமுறை பிரசங்கித்தவர் அவர். அந்தப் பெருமூச்சின் சத்தத்தை அந்த அறையில்தான் சபை முதன்முதலாகக் கேட்டது.

மனைவிக்கு வேறு சங்கீதம் தேவைப்பட்டது. 13-ஆம் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்று நாலு தரம் வருகிறது. அந்தச் சொல்லை மட்டும் நாலு வரியில் எழுதி, மீதியை அவரையே நிரப்பச் சொன்னார் ஆயரின் மனைவி. மூன்று வரி நிரப்பினார். நாலாவதில் பேனாவை வைத்துவிட்டு, “இதைக் கர்த்தர்கிட்ட கேட்கலாமாம்மா?” என்றார். கேட்கலாம் என்பதற்காகத்தான் அது வேதத்தில் இருக்கிறது. ‘உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கை’ என்று வரும் ஐந்தாம் வசனத்துக்கு அவரை அன்றே இழுத்துக்கொண்டு போகாமல் விட்டது மிகச் சரி. அங்கே போக அவருக்கு ஆறு வாரம் ஆனது, தானாகவே போனார்.

திருவிருந்தில் ஒரு கவனம். காய்ந்த அப்பம் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த திராட்சரசம் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகலாம். விழுங்கும் சோதனையில் தேறிய பிறகே கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, கடுகைவிடச் சற்றுப் பெரிய துணுக்கை ரசத்தில் நனைத்து, வாயின் இடப்பக்கத்தில் வைக்க வேண்டும். விழுங்கிய பிறகு வலது கன்னத்தில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அரைமணி நேரம் படுக்கவைக்காமல் இருக்க வேண்டும். விழுங்கவே முடியாத நாளில் உதட்டில் தொட்டால் போதும். அளவில் குறைந்ததால் அது அரைத் திருவிருந்து ஆகிவிடாது.

ஒன்பதாம் மாதம்

பேச்சு நாற்பது சொல் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. பேரப்பிள்ளையின் பெயர் வருகிறது, மகள் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. வலது கை வரவில்லை, இனி அதிகம் வருவதற்கு வாய்ப்புக் குறைவு என்று மருத்துவர் நேராகச் சொல்லிவிட்டார். பிரசங்கம் இனி இல்லை. அழுத்தம் 130-க்குள் நிற்கிறது. மனச்சோர்வுக்கான மாத்திரை தொடர்கிறது. ஞாயிறு வேண்டுதல் நேரத்தில் ஆயர் ஒரு நிமிடம் நிறுத்துகிறார். முன்வரிசையில் அவருடைய இடது கை பெஞ்சில் நாலு தரம் தட்டுகிறது, சபையும் அந்த ஒரு சொல்லைச் சொல்கிறது. அதற்கு விளக்கம் கொடுக்கும் வழக்கத்தை ஆயர் விட்டுவிட்டார்.

கழற்றிய சட்டத்தை அவர் எட்டாம் மாதம் கேட்டு வாங்கினார். சுவரைக் காட்டி, ஆணி அடித்த இடத்தைக் காட்டி, கட்டைவிரலை மேலே தூக்கினார். மாட்டியது மனைவி.

தேவனாம்பட்டினத்தில் மகனைக் கடலில் பறிகொடுத்த ஓர் அம்மா இருக்கிறார். ஆறுதல் சொல்லப் போனவர்களை ‘பேசாம போங்க’ என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். போன வாரம் உபதேசியாரைத் துணிப்பட்டையில் தாங்கி அங்கே அழைத்துப்போனார்கள். முக்கால் மணி நேரம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. கிளம்பும்போது அந்த அம்மாவின் கையில் நாலு தரம் தட்டினார். வரும் வியாழக்கிழமையும் அவரையே கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லியனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. ஆட்டோவுக்கும், கூடப் போக இரண்டாவது ஆளுக்கும் இன்னும் ஏற்பாடாகவில்லை. முறைச்சீட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.